முப்பத்தாறு படங்களும் ஒரு பழைய கேமராவும்

(நம் சபையின் குடும்ப சங்கமத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி போன வாரம் கூப்பிட்டு, "இந்தத் தடவை நீங்கள் இருபது நிமிஷம் பேசணும். சர்க்கரை வியாதி வேண்டாம், போன தடவை டாக்டர் பேசிட்டார். உயில் எழுதறதும் வேண்டாம், அதுக்கு முந்தி வக்கீல் பேசிட்டார். உங்களுக்கு எது தெரியுமோ அதைப் பேசுங்கோ" என்றார். எனக்குத் தெரிந்தது பாங்க் உத்தியோகம். அதைக் கேட்க இங்கே ஒருவரும் உட்கார மாட்டீர்கள். ஆகவே நாற்பது வருஷத்துக்கு மேலாக என்னோடு இருக்கும் ஒரு சாமானைப் பற்றிச் சொல்லலாம் என்று அதைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.

மேஜை மேல் இருக்கிறதே, இதுதான் அது. பென்டாக்ஸ் கே1000 என்று பெயர். பிலிம் போட்டு எடுக்கிற கேமரா. ஒருவர் கையிலிருந்து ஒருவராக வாங்கிப் பாருங்கள். என்ன இவ்வளவு கனம் என்று தோன்றும். இரும்பும் பித்தளையும் கண்ணாடியும் சேர்ந்தால் கனம் இருக்கத்தான் செய்யும்.

முதலில் இது என்ன ஜாதிக் கேமரா என்று இரண்டு வார்த்தை. நம்மில் அறுபது வயது தாண்டியவர்கள் ஆக்ஃபா க்ளிக் 3 கேமராவை மறந்திருக்க மாட்டீர்கள். பரோடாவில் தயாரானது. ஒரு பிலிம் சுருளில் 12 படம். அதில் நாம் கண் வைத்துப் பார்க்கிற துவாரம் வேறு, படம் எடுக்கிற லென்ஸ் வேறு. நாம் பார்த்தது ஒன்று, கேமரா பார்த்தது சற்றே வேறொன்று. அதனால்தான் பழைய ஆல்பங்களில் தலையில் பாதி இல்லாத மாமாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எஸ்.எல்.ஆர். என்பது அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. ஒரே லென்ஸ்தான். அதன் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே 45 டிகிரி சாய்வில் இருக்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே போகிறது. அங்கே ஐந்து பக்கமாகத் தெரியும் ஒரு பட்டகம், இடம் வலம் மாறின பிம்பத்தைச் சரிசெய்து நம் கண்ணுக்குக் கொடுக்கிறது. லென்ஸ் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். பொத்தானை அழுத்தினால் அந்தக் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடும், பின்னால் இருக்கும் துணித்திரை ஒரு கணம் விலகும், பிலிமில் வெளிச்சம் விழும், கண்ணாடி மறுபடி இறங்கிவிடும். 'க்ளாக்' என்று நீங்கள் கேட்கிற சத்தம் இத்தனை வேலைகளின் சத்தம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடி மேலே போயிருக்கிற அந்தக் கணத்தில் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இருட்டு. எந்தக் கணம் படமாகப் பதிகிறதோ, அந்த ஒரு கணத்தை மட்டும் எடுக்கிறவன் பார்ப்பதில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

35 மில்லிமீட்டர் பிலிமுக்கான இந்த வகைக் கேமரா 1936ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் எக்ஸாக்டா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே நகரத்தில் 1949ல் வந்த காண்டாக்ஸ் எஸ் கேமராவில் பட்டகம் வந்தது. 1954ல் ஜப்பானின் அஸாஹி கம்பெனி, எழும்பின கண்ணாடி தானாகவே உடனே இறங்கும் அமைப்பைத் தன் கேமராவில் சேர்த்தது. 1957ல் அதே கம்பெனி பென்டாக்ஸ் என்ற பெயரைக் கொண்டுவந்தது. 1959ல் நிக்கான் எஃப். அதற்குப் பிறகு உலகத்தில் பத்திரிகைக்காரர்கள் கழுத்தில் தொங்கினதெல்லாம் பெரும்பாலும் ஜப்பான் கேமராதான். உங்கள் கையில் இருக்கும் கே1000 1976ல் வந்து 1997 வரை தயாரானது. முப்பது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். புகைப்படக்கலை படிக்கிற மாணவர்களுக்கு "இதை வாங்கு" என்று வாத்தியார்கள் சொன்ன கேமரா இது.

காரணம், இதில் ஒன்றுமே இல்லை. ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச் கிடையாது. தானாக எடுக்கும் டைமர் கிடையாது. லென்ஸை மூடி வைத்தால் மீட்டர் தூங்கும், திறந்தால் விழிக்கும். ஒரே ஒரு சின்னப் பட்டன் பாட்டரி, அதுவும் வெளிச்சத்தை அளக்கும் முள்ளை அசைக்க மட்டும். பாட்டரி தீர்ந்தால் முள் படுத்துக்கொள்ளும், கேமரா படுத்துக்கொள்ளாது. பிலிமை நகர்த்த லீவரைத் தள்ளும்போதே உள்ளே சுருள்வில் முறுக்கிக்கொள்கிறது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல. ஒரு செகண்ட் என்று வைத்து அழுத்திப் பாருங்கள். 'ஸ்ர்ர்ர்' என்று பல்சக்கரம் ஓடுவது கேட்கும். அந்தச் சத்தம் சீராக இருந்தால் கேமரா சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். நாடி பார்ப்பது மாதிரிதான்.

இதே ஜாதியில் மகாராஜா என்று நிக்கான் எஃப்.எம்.2 கேமராவைச் சொல்வார்கள். 1982ல் வந்தது. ஒரு செகண்டில் நாலாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தை பாட்டரி இல்லாமல், வெறும் வில்லையும் சக்கரத்தையும் வைத்துச் சாதித்தது. பச்சைக் கண்களோடு நம்மை நேராகப் பார்க்கும் அந்த ஆப்கானிஸ்தான் சிறுமியின் படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்டீவ் மெக்கரி 1984ல் ஒரு அகதி முகாமில் எடுத்தது. எஃப்.எம்.2 கேமராவில், கோடாக்ரோம் பிலிமில் எடுத்த படம் அது.

நம் மனுஷர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன். 1912ல் பிறந்தவர். காட்டு மிருகங்களையும் பறவைகளையும் பற்றி 1950லிருந்து 1996ல் காலமாகும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர் கடையில் வாங்கின கேமராவோடு திருப்திப்படவில்லை. பல கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்துத் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டெரோஸா' என்று வேடிக்கையாகப் பேரும் வைத்தார். இன்றைய கேமராவைத் திறந்து இப்படிச் சேர்த்துக் கட்ட முடியுமா? கம்பெனிக்காரர்களே "புதுசு வாங்கிக்கோங்கோ" என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, இந்தக் கேமரா என்னிடம் வந்த கதை.

எங்கள் பூர்வீகம் நெய்யாற்றின்கரைக்கு அடுத்த பெருங்கடவிளை. பாறசாலைப் பக்கம் போனால் தமிழ்நாட்டு எல்லை, களியக்காவிளை. அப்பா அந்தப் பிரதேசத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், பள்ளிக்கூடத்தில் கணக்கு. இந்த மூன்றிலும் அப்பாவுக்குத் தப்பு பொறுக்காது.

1983ல் அத்திம்பேர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது இந்தக் கேமராவைக் கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து வருகிறவர் பெட்டியைத் திறந்தால் டேப் ரிக்கார்டர், சென்ட், டார்ச் லைட்டுக்கு நடுவில் ஒரு கேமரா இருக்கும். நான் திருவனந்தபுரத்தில் காலேஜ் மாணவன். ஸ்டாச்யூ பக்கம் போகும்போதெல்லாம் சிவன் ஸ்டூடியோ வாசலில் படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த சிவன் 1959ல் ஸ்டூடியோவைத் தொடங்கியவர், 'செம்மீன்' படத்துக்கு ஸ்டில் எடுத்தவர், 2021ல் காலமானார். என் கண் போகிற இடத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, அத்திம்பேர் ஊருக்குத் திரும்பும்போது கேமராவை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

போகுமுன் நாலு நாள் பாடம் எடுத்தார். முதல் பாடம் அருவிப்புறத்தில். 1888ல் நாராயண குரு சிவப் பிரதிஷ்டை செய்த இடம், எங்கள் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. அங்கே நெய்யாறு பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. ஒரே தண்ணீரை ஐந்நூறில் ஒரு பங்கு செகண்டில் எடுக்கச் சொன்னார், பிறகு பாறையில் கேமராவை வைத்து எட்டில் ஒரு பங்கில் எடுக்கச் சொன்னார். பிரிண்ட் வந்ததும் பார்த்தால், ஒன்றில் தண்ணீர் கண்ணாடித் துண்டுகள் மாதிரி நிற்கிறது, இன்னொன்றில் பட்டுத்துணி மாதிரி வழிகிறது. ஷட்டர் வேகம் என்றால் என்ன என்பதற்கு அதற்கு மேல் ஒரு புஸ்தகம் வேண்டாம்.

இரண்டாவது பாடம், மீட்டர் இல்லாமல் எடுப்பது. நூறு ஐ.எஸ்.ஓ. பிலிமாக இருந்தால், நல்ல வெயிலில் துவாரம் எஃப் 16, வேகம் 125ல் ஒன்று. மேகம் போட்டால் எஃப் 8. இடவப்பாதி மழை இருட்டிக்கொண்டு வந்தால் எஃப் 4. இந்த வாய்ப்பாட்டை அப்பாவுக்குச் சொன்னேன். "ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிக்கறது, அவ்வளவுதானே? பெருக்கல் வாய்ப்பாடுதான்" என்றார். அதோடு அவருக்குக் கேமரா புரிந்துவிட்டது.

மூன்றாவது பாடம் நம் வீடுகளுக்கு ரொம்ப அவசியமானது. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். நம்மவர்களோ வெள்ளை வேஷ்டி, வெள்ளை மேல்துண்டு, பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். முள் சொல்கிறபடி எடுத்தால் வேஷ்டி அழுக்காகிவிடும், முகம் கறுத்துவிடும். அதனால் பக்கத்தில் இருக்கிற பச்சைப் புல்லைப் பார்த்து அளந்துகொண்டு, பிறகு கேமராவை மனுஷர் பக்கம் திருப்ப வேண்டும். மிஷின் சொல்வதைக் கேள், ஆனால் அது எதைப் பார்த்துச் சொல்கிறது என்று தெரிந்துகொள். அத்திம்பேர் கேமராவைப் பற்றித்தான் சொன்னார். பாங்கில் முப்பத்து மூன்று வருஷம் எனக்கு அது உபயோகப்பட்டது.

நாலாவது பாடம், பிலிம் போடுவது. அதையும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார். பிலிம் நாக்கை வலது பக்கத்து உருளையின் பிளவில் செருகு. இரண்டு ஓரத் துவாரங்களும் பல்சக்கரத்தில் பிடித்திருக்கிறதா பார். மூடு. இரண்டு தடவை வெறுமனே அழுத்து. லீவரைத் தள்ளும்போது இடது பக்கத்துக் குமிழ் திரும்புகிறதா என்று பார். குமிழ் திரும்பினால்தான் உள்ளே பிலிம் நகர்கிறது. நம்பர் காட்டும் முள்ளை நம்பாதே. அது பிலிமை எண்ணவில்லை, நீ லீவரைத் தள்ளினதை எண்ணுகிறது.

1994ல் அப்பாவுக்கு சதாபிஷேகம்.

ஸ்டூடியோவிலிருந்து ஆள் வைக்கலாம் என்று அண்ணா சொன்னார். அப்பா, "ஆத்திலேயே கேமராக்காரன் இருக்கான், வெளியிலேர்ந்து எதுக்கு?" என்றுவிட்டார். எனக்கு ஏகப்பட்ட பெருமை. பம்பாய், டெல்லி, நாகர்கோவில், பாலக்காடு என்று எல்லா இடத்திலிருந்தும் பந்துக்கள் வந்திருந்தார்கள். அப்பாவின் கூடப்பிறந்தவர்களில் உயிரோடிருந்த மூன்று பேரும் வந்தார்கள். அந்த நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது அதுதான் கடைசித் தடவை.

விடியற்காலையில் கூடத்தில் இருட்டு, எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள், நான் பிலிமைப் போட்டு மூடினேன். குமிழைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. அன்றைக்கு முழுவதும் கணக்கிலேயே குறியாக இருந்தேன். 36 படம்தான். கலச பூஜைக்கு நாலு, அபிஷேகத்துக்கு ஆறு, அத்தைகளோடு இரண்டு, பேரன் பேத்திகளோடு மூன்று என்று ஒவ்வொன்றாகச் சிக்கனம் பிடித்து எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பச்சை வாழையிலையைப் பார்த்து அளந்தேன். ஒரு தப்புச் செய்யவில்லை என்றே நினைத்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து எடுத்ததோடு 36 ஆயிற்று. பிலிம் தீர்ந்தால் லீவர் இறுகும், நகராது. அன்றைக்கு இறுகவில்லை. 37. சில சுருளில் ஒன்று அதிகம் வரும், அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். 38. அதுவும் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. என் அடிவயிறு குளிர்ந்துவிட்டது. இடது குமிழைத் திருப்பிப் பார்த்தேன். பிடிப்பே இல்லை. ஓடிப்போய்க் கலவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு, முதுகுக் கதவைத் திறந்து விரலால் தடவினேன். பிலிம் நாக்கு காலையில் எப்படி இருந்ததோ அப்படியே உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு படம்கூட இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சில் எனக்குக் கஷ்டமான பகுதி. என் பையில் இன்னொரு சுருள் இருந்தது. எல்லோரும் இன்னும் முற்றத்தில்தான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "மன்னிக்கணும், பிலிம் பிடிக்கலை, இன்னொரு தடவை நில்லுங்கோ" என்று சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே நின்றிருப்பார்கள். நான் சொல்லவில்லை. வெட்கம். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்தேன். "படமெல்லாம் எனக்கு ஒரு காப்பி அனுப்புடா" என்று பெரிய அத்தை என் கன்னத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். நான் தலையை ஆட்டினேன். சாயங்காலத்துக்குள் எல்லோரும் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"குமிழ் சுத்தறதான்னு பார்க்கலையா?"

"பார்க்கலை."

"எண்ணிண்டே இருந்திருக்கே."

அவ்வளவுதான் திட்டு. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு சுருள் இருக்குன்னியே, கொண்டு வா" என்றார். திண்ணையில் அவர் முன்னால் உட்கார்ந்து பிலிமைப் போட்டேன். மூடினேன். அப்பா தன் ஆள்காட்டி விரலைக் குமிழின் மேல் லேசாக வைத்துக்கொண்டார். நான் லீவரைத் தள்ளினேன். "சுத்தறது" என்றார். இன்னொரு தடவை. "சுத்தறது."

அன்றைக்கு ஒன்பது படம் எடுத்தேன். பட்டு வேஷ்டி இல்லை, மாலை இல்லை. மறுபடி உடுத்திக்கொள்ள அப்பா சம்மதிக்கவில்லை. பழைய நாலு முழ வேஷ்டியில் திண்ணையில் அப்பா. அரிவாள்மணையில் சேனை நறுக்கும் அம்மா. கிணற்றடி. நெல் இல்லாத பத்தாயம். ஒன்பதாவதை அப்பா எடுத்தார். "அந்த முள்ளு நடுவிலே வரணும், அவ்வளவுதானே" என்று வாங்கி, என்னையும் அம்மாவையும் நிற்க வைத்து எடுத்தார். படம் சற்றுச் சாய்ந்திருக்கிறது, ஃபோகஸ் எங்களை விட்டு பின்னால் இருக்கும் தூணில் விழுந்திருக்கிறது.

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். பெரிய அத்தை அதற்கும் முன்னால். அவளுக்கு நான் காப்பி அனுப்பவே இல்லை. அனுப்ப என்னிடம் என்ன இருந்தது? 2007ல் அந்த வீடும் கை மாறியது. இப்போது அந்தத் திண்ணை, கிணற்றடி, பத்தாயம் எல்லாம் அந்த ஒன்பது நெகடிவில்தான் இருக்கின்றன. சிட்னியில் இருக்கும் என் பெண் தன் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருப்பது அந்தச் சாய்ந்த படத்தைத்தான்.

கண்ணாடி எழும்பும் கணத்தில் நமக்குத் தெரிவதில்லை என்று சொன்னேனே. செல்போனில் எடுத்த மறுநிமிஷம் பார்த்துவிடலாம், சரியில்லை என்றால் இன்னொன்று எடுக்கலாம். அது பெரிய சௌகரியம், நான் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு என் கையில் செல்போன் இருந்திருந்தால் அத்தைக்குப் படம் போயிருக்கும். ஆனால் இந்தக் கேமராவும் என்னை ஏமாற்றவில்லை. பிலிம் ஓடவில்லை என்று 38 தடவை அது எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது, அசையாத அந்தக் குமிழால். தன் வேலையை ஒளிக்காத மிஷின் இது. பார்க்கிறவன்தான் பார்க்க வேண்டும். இதன் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணம் கேட்டால், இதைத்தான் சொல்லுவேன்.

இந்தப் பிரியம் எனக்கு மட்டும் இல்லை. ஊட்டியில் 1960ல் ஆரம்பித்து 'இந்து' பிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. கோடாக் கம்பெனி 2012ல் திவால் மனு கொடுத்தது. கோடாக்ரோம் போயே போய்விட்டது. ஆனாலும் நிறுத்தியிருந்த எக்டாக்ரோம் பிலிமை 2018ல் கோடாக் மறுபடி கொண்டுவந்தது. 2024ல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு பிலிம் கேமராவையே வெளியிட்டது. இன்று பழைய எஸ்.எல்.ஆர். தேடி அலைகிறவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். அவர்கள் தேடுவது உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். ஆகவே எல்லா ஊர் உறுப்பினர்களுக்கும் மூன்று விண்ணப்பம்.

ஒன்று, கேமராவை எடுத்துப் பாருங்கள். முதலில் பாட்டரி அறையைத் திறந்து பழைய பாட்டரியை எடுத்துவிடுங்கள். அது கசிந்துதான் பாதிக் கேமராக்கள் பாழாகின்றன. 1960, 70களின் சில கேமராக்களுக்கு உரிய பாதரச பாட்டரி இப்போது கிடைக்காது. மீட்டர் இல்லாவிட்டால் போகிறது, எஃப் 16 வாய்ப்பாடு இருக்கிறது. தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள். நம் மலையாளக் கரை ஈரத்தில் தோல் உறை பூஞ்சைக்குப் பிறந்த வீடு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாதம் ஒரு தடவை எல்லா வேகத்திலும் பத்துப் பத்துத் தடவை அழுத்துங்கள். உபயோகிக்காத எண்ணெய் இறுகிவிடும். பின்கதவு ஓரத்துக் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்திருந்தால் வெளிச்சம் உள்ளே கசியும்; அதை மாற்றுவது சின்ன வேலை. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அதை வீட்டில் திறக்காதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இரண்டு, நெகடிவ். கேமராவைவிட இதுதான் முக்கியம். பிரிண்ட் மங்கும், நெகடிவ் இருந்தால் மறுபடி போடலாம். ஸ்டூடியோ கொடுத்த பிளாஸ்டிக் உறையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிஸ்கெட் டின்னில் கிடக்கும். ஒட்டினதைப் பிய்க்காதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். நல்லதாக இருப்பவற்றை அமிலமில்லாத காகித உறைக்கு மாற்றி, ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஸ்கேன் செய்தாயிற்று என்று நெகடிவைத் தூக்கிப் போடாதீர்கள். கறுப்பு வெள்ளை நெகடிவ் வெள்ளியால் ஆனது, சரியாக வைத்தால் நமக்குப் பின்னும் இருக்கும்.

மூன்று, பெயர் எழுதுங்கள். இது கேமராவே இல்லாதவர்களுக்கும் பொருந்தும். பழைய பிரிண்ட்டின் பின்னால் மெல்லிய பென்சிலால் யார், எங்கே, எந்த வருஷம் என்று குறியுங்கள். வழவழப்பான கலர் பிரிண்ட்டில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறை மேல் எழுதுங்கள். நம் வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால், இன்று ராத்திரியே ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த முகங்கள் அதில் இருக்கும்.

கேமரா எந்த வரிசையில் இருக்கிறது? ஆ, குழந்தைகள் கையில். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அதில் பிலிம் போட்டிருக்கிறேன். காலையில் இரண்டு தடவை குமிழைப் பார்த்துக்கொண்டேன், சுத்தறது. இன்னும் முப்பத்தொரு படம் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் எல்லோரும் வாசல்படியில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பிலிம் பிடிக்காமல் போனால் மறைக்காமல் அங்கேயே சொல்லிவிடுகிறேன், இன்னொரு தடவை நிற்கலாம்.